பகுக்கப்பட்ட உழைப்பும் பகிரப்படாத அறிவும்: பொருத்து வரிசையை வன்னிச் சிறாருக்குக் கற்பித்தல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

2009 மே மாதத்தில் போர் முடிவுற்ற பின்னர் வன்னிப் பெருநிலப்பரப்பில் நிகழ்ந்த பொருளாதார மாற்றங்களுள் ஆடைத் தொழிற்சாலைகளின் வருகை முக்கியமானது. வவுனியாவில் ஒமேகா லைன், கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். குழுமத்தின் 'வானவில்', 'விடியல்' முதலிய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. முல்லைத்தீவு மாவட்டமும் இவ்வலையினுள் வந்தது. முகாம்களினின்றும் மீண்டு, வீடும் கருவியும் கால்நடையும் இழந்த நிலையிற் குடியேறிய குடும்பங்களின் இளம்பெண்கள் அதிகாலையில் பஸ் ஏறி இவ்வாலைகளுக்குச் செல்லலாயினர். 'லைன்' என்ற சொல் வன்னிக் கிராமத்து அன்றாடப் பேச்சினுள் இவ்வாறே புகுந்தது. இப்பெண்களின் தம்பி தங்கையரும் பிள்ளைகளும் அதே கிராமத்துப் பாடசாலைகளிற் கைத்தொழிற் புரட்சி பற்றி வரலாற்றுப் பாடநூலிற் படிக்கின்றனர். படிக்கும் பாடத்துக்கும் தமக்கை மாலையிற் களைத்து வந்து சொல்லும் செய்திக்கும் இடையேயுள்ள தொடர்பு அவர்களுக்கு எடுத்துக்காட்டப்படுவது அரிதாகும்.

பொருத்து வரிசையைச் சிறுவருக்கு விளக்குவதற்குப் பல நாடுகளின் ஆசிரியர்கள் கையாண்டுவரும் ஒரு முறை உண்டு. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, எளிய பொருளொன்றை முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியே முழுமையாகச் செய்யுமாறும், பின்னர் வரிசையாக அமர்ந்து ஆளுக்கொரு வேலையாகச் செய்யுமாறும் பணித்து, இரு முறைகளிலும் கிடைக்கும் தொகையை ஒப்பிடுவதே அது. முறை நன்று. ஆயின் பெரும்பாலும் இது ஒரே முடிவை நோக்கி நடத்தப்படுகின்றது: வரிசை விரைவானது, ஆகவே மேலானது. இம்முடிவு வரலாற்றின் ஒரு பாதியையே கூறுகின்றது என்பது எமது கருத்து. வரிசையில் அமர்ந்தவருக்கு மறைக்கப்படும் முழுமையைக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கமாதல் வேண்டும். அவ்வாறன்றேல், அது நாளைய தொழிலாளரைப் பழக்கும் முன்பயிற்சியாகவே முடியும். கையுழைப்பைக் கல்வியுள் புகுத்த இலங்கையிலும் தமிழகத்திலும் நடந்த முயற்சிகளின் வரலாறு இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தைத் தெளிவாக உணர்த்துகின்றது.

2. வரிசையின் வரலாறு

உழைப்புப் பிரிவினை பற்றிய பேச்சு வழமையாக அடம் சிமித்துடன் தொடங்கும். 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் அவர் குண்டூசித் தொழிலை எடுத்துக்காட்டினார். கம்பியை இழுத்தல், நிமிர்த்தல், வெட்டுதல், கூராக்குதல் எனத் தொடரும் அத்தொழில் ஏறத்தாழப் 18 செயல்களாகப் பிரிந்திருந்தது. 10 பேர் கொண்ட சிறு பட்டறை நாளொன்றுக்கு 48,000 ஊசிகளைச் செய்தது. தனித்தனியே, பயிற்சியின்றிச் செய்திருப்பின் ஒருவர் 20 ஊசிகளைத்தானும் செய்திருக்கமாட்டார் என்பது அவரது கணிப்பு. இதற்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: ஒரே செயலைத் தொடர்ந்து செய்வதால் வரும் கைத்திறன், ஒரு வேலையினின்று மற்றொன்றுக்கு மாறுகையில் வீணாகும் நேரம் மிச்சமாதல், எந்திரங்கள் கண்டுபிடிக்கப்படுதல்.

இதே நூலின் பிற்பகுதியில் அவர் கூறிய வேறொன்று பாடநூல்களிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வாழ்நாள் முழுவதும் ஓரிரு எளிய செயல்களையே செய்பவன் தன் அறிவைப் பயன்படுத்தும் வாய்ப்பை இழந்து மந்தனாகிவிடுவான் என அவர் அஞ்சினார். சாதாரண மக்களின் கல்விக்கு அரசு வழி செய்தல் வேண்டும் என அவர் வாதிட்டமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணமாகும். உழைப்புப் பிரிவினையைப் போற்றியவரே அதன் நோய்க்கு மருந்தாகக் கல்வியை முன்மொழிந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1832இல் சாள்ஸ் பாபேஜ் நான்காவது காரணமொன்றைச் சேர்த்தார். ஒருவரே எல்லாவற்றையும் செய்வதாயின், மிகக் கடினமான செயலைச் செய்யும் ஆற்றலுள்ளவரையே அமர்த்தி, எளிய செயல்களுக்கும் அவருக்குரிய உயர்ந்த கூலியைக் கொடுக்க வேண்டும். தொழிலைக் கூறாக்கினால், ஒவ்வொரு கூறுக்கும் வேண்டிய அளவு திறனை மட்டும் விலைக்கு வாங்கலாம். பிரிவினை பொருளைப் பெருக்குவதோடு உழைப்பின் விலையையும் குறைக்கின்றது என்ற உண்மை இங்கு வெளிப்படுகின்றது. 1867இல் 'மூலதன'த்தின் முதற் தொகுதியில் கார்ல் மார்க்ஸ் இதனை மேலும் ஆராய்ந்தார். சமுதாயத்தில் தொழில்கள் பிரிந்திருப்பது வேறு, ஒரே பட்டறைக்குள் முதலாளியின் ஆணைப்படி ஒரு தொழில் துண்டுபடுவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டியமை எமது ஆய்வுக்கு இன்றியமையாதது.

நகரும் பொருத்து வரிசை ஹென்றி போர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913இல் உருப்பெற்றது. சிக்காகோவின் இறைச்சி ஆலைகளில், தொங்கும் உடல்கள் நகர்ந்துசெல்ல ஒவ்வொருவரும் ஒரு பகுதியை வெட்டியெடுத்த முறை இதற்கு ஒரு முன்மாதிரியாயிற்று. மோட்டார் வண்டியின் மின்பொறிக்குரிய காந்த உறுப்பைப் பொருத்துவதற்கு ஒரு தொழிலாளிக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் பிடித்தன. அவ்வேலை 29 பேரிடையே பகுக்கப்பட்டபோது உறுப்பொன்றுக்கான உழைப்பு நேரம் 13 நிமிடம் 10 வினாடியாகக் குறைந்தது. பின்னர் 5 நிமிடமாயிற்று. வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்தும் நேரம் சுமார் பன்னிரண்டரை மணியினின்று 1914இல் 93 நிமிடமாகச் சுருங்கியது. ஆயின் அதே 1913இல் அவ்வாலையில் தொழிலாளர் விலகிச் செல்லும் வீதம் 370 சதவீதமாக இருந்தது. நூறு இடங்களை நிரப்பி வைத்திருப்பதற்கு ஆண்டொன்றில் 370 பேரைப் புதிதாக அமர்த்தவேண்டியிருந்தது என்பதே இதன் பொருள். 1914 சனவரியில் நாளொன்றுக்கு 5 டொலர் என்ற புகழ்பெற்ற கூலியைப் போர்ட் அறிவித்ததை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். சிறுவருக்கு 93 நிமிடம் என்ற எண்ணைக் கற்பிப்போர் 370 என்ற எண்ணையும் கற்பித்தல் கடனாகும்.

3. வன்னியின் உழைப்பு அனுபவம்

வன்னிச் சிறுவர் உழைப்புப் பிரிவினையை அறியாதவரல்லர். வன்னியின் நெற்செய்கையே நெடிய செயல்வரிசையாகும். அரிவு வெட்டுதல், உப்பட்டி போடுதல், கட்டுக் கட்டிச் சுமத்தல், சூடு வைத்தல், எருமைகளைக் கொண்டு சூடு மிதித்தல், தூற்றுதல், பொலியை அளத்தல் என அது ஒழுங்காக நடைபெற்றது. உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வந்து இச்செயல்களுட் பலவற்றை விழுங்கிவிட்டபோதிலும், மூத்தோரின் நினைவில் அவை வாழ்கின்றன. இவ்வரிசையில் ஈடுபட்டோர் செய்த வேலை வேறாயினும், வேலையின் முழுமை எல்லோர் கண்முன்னும் இருந்தது. வேகத்தைத் தீர்மானித்தவை பருவமும் மழையும் மாடுகளின் நடையுமாம்.

எனினும் இதனைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு அடுக்காது. எந்த வேலையை எவர் செய்வது என்பதைப் பல வேளைகளிற் சாதியும் பாலும் நிலவுடைமையுமே தீர்மானித்தன. களத்திற் குவிந்த பொலியில் எவருக்கு எவ்வளவு என்பதையும் அவையே தீர்மானித்தன. இரணைமடுக் குளத்தை அடுத்து 1930களிற் தொடங்கிய குடியேற்றத் திட்டங்களும், விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் படித்த வாலிபருக்கென அமைந்த திட்டங்களும் புதிய சிறு நிலவுடைமையாளரை உருவாக்கின. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றபோது இவர்களுட் பலர் செழித்தனர். அத்தோட்டங்களிற் கூலிக்கு உழைத்தோரிற் பெருந்தொகையினர், 1970களின் உணவுத் தட்டுப்பாட்டினாலும் 1977 வன்செயலினாலும் மலையகத்தினின்று பெயர்ந்து வந்த தோட்டத் தொழிலாளராவர். மார்க்ஸ் சுட்டிய சமுதாயப் பிரிவினை இங்கு வெறுங் கோட்பாடன்று.

கைத்தொழில் அனுபவமும் வன்னிக்கு முற்றிலும் புதிதன்று. 1950களில் உருவான பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தியாயின. ஆனையிறவு உப்பளம் அண்மையில் இருந்தமை அதன் அமைவிடத்துக்கு வாய்ப்பாயிற்று. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இயங்கியது. களிமண் பிசைதல், அச்சில் அழுத்துதல், உலர்த்துதல், சூளையிற் சுடுதல் என்ற அதன் ஒழுங்கு எந்தச் சிறுவனுக்கும் விளங்கக்கூடியது. 1980களில் மூண்ட போர் இத்தகைய தொழில்களை முடக்கியது.

1990இன் பின் நிலவிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் மின்கலமும் உள்ளிட்ட பல பொருள்கள் வன்னிக்கு வருதல் தடைப்பட்டது. ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியிற் பிள்ளைகள் படித்தனர். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இருந்ததைக் கொண்டு வேண்டியதைச் செய்யும் அவ்வாற்றல் துன்பத்தின் விளைவாயினும் அறிவேயாகும். ஒரு பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்பதை முழுமையாக விளங்கிக்கொண்டவரே அதனை மாற்றியமைக்க முடியும்.

2009இன் பின் வந்த ஆடைத் தொழிற்சாலை இவை யாவற்றினின்றும் வேறுபட்ட ஒழுங்கைக் கொணர்ந்தது. சட்டையொன்று பல சிறு தையல்களாகப் பகுக்கப்படுகின்றது. ஒருவர் கழுத்துப்பட்டியை மட்டும், இன்னொருவர் கையை மட்டும் தைக்கின்றார். ஒவ்வொரு தையலுக்குமுரிய நேரம் முன்னரே அளந்து வகுக்கப்படுகின்றது. மணிக்கு இத்தனை என்னும் இலக்கு வரிசையின் முகப்பில் எழுதப்படுகின்றது. சட்டையை வரைந்தவர் வேறு நாட்டில். அணிபவரும் வேறு நாட்டில். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் உள்ளன. வரிசையைத் திட்டமிடக் கற்பிக்கும் கல்வியும் வரிசையில் அமரும் உழைப்பும் ஒரே மாவட்டத்தில் உண்டு. இவ்விரண்டுக்குமிடையே ஒரு சிறுமி எப்பக்கம் செல்வாள் என்பது பெரும்பாலும் பாடசாலையிலேயே முடிவாகின்றது.

4. கையுழைப்பும் பாடசாலையும்

தொழிலைக் கல்விக்குக் கருவியாக்கும் எண்ணத்துக்கு நவீன கல்வியுலகில் வித்திட்டோருள் ஜோன் டூயி தலையாயவர். 1896இல் சிக்காகோவில் அவர் நிறுவிய ஆய்வுப் பாடசாலையில் சிறுவர் பஞ்சையும் கம்பளியையும் கையாற் பிரித்து நூற்றனர். அரை மணி நேரம் பஞ்சிலிருந்து விதையைப் பிரித்தும் ஓர் அவுன்சு நிறைக்குக் குறைவாகவே அவர்களாற் பெறமுடிந்தது. கம்பளி ஆடை முந்தியும் பருத்தி ஆடை பிந்தியும் பரவியமைக்குரிய காரணத்தை அவர்கள் நூலிற் படிக்காமல் தம் விரல்களால் உணர்ந்தனர். 1899இல் வெளிவந்த 'பாடசாலையும் சமுதாயமும்' என்னும் நூலில் டூயி இதனை விவரித்துள்ளார். அச்சிறுவர் நூற்புத் தொழிலாளராவதற்காக நூற்கவில்லை. வரலாற்றை விளங்கிக்கொள்வதற்காகவே நூற்றனர்.

கீழைநாடுகளில் இவ்வெண்ணம் வேறு வடிவங்களை எய்தியது. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலொன்றை நடுவாகக் கொண்டு எல்லாப் பாடங்களையும் கற்பிக்க முனைந்தது. இலங்கையில், கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1932இல் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் கிராமச் சூழலையும் தொழிலையும் பாடத்தினுட் கொணர்ந்தது. நோக்கம் உயர்ந்ததாயினும், அது கிராமத்துப் பிள்ளைகளுக்கே வகுக்கப்பட்டது என்பதில் அதன் குறைபாடு அடங்கியிருந்தது. நகரத்து ஆங்கிலப் பாடசாலைகள் முன்போலவே உத்தியோகத்துக்குரிய கல்வியை வழங்கிவந்தன. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கை இலவசக் கல்விக்கு வழிகோலிய பெருமைக்குரியது. எனினும், மாணவரைப் பிரித்தெடுத்து ஒரு பகுதியினரைச் செயன்முறைப் பாடசாலைகளுக்கு அனுப்பும் யோசனையும் அதில் இடம்பெற்றிருந்தது. அது மக்களிடையே வேர்கொள்ளவில்லை.

தமிழகத்தின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 1953இல் சென்னை மாகாண முதலமைச்சர் இராஜாஜி கிராமத் தொடக்கப் பாடசாலைகளின் நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய நேரத்திற் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு ஒரு திட்டத்தைக் கொணர்ந்தார். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் ஏனைய பலரும் இதனைக் 'குலக்கல்வி' என்று கூறி எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகியதும் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. தச்சன் மகன் தச்சனாகவும் சலவையாளன் மகன் சலவையாளனாகவும் இருக்கும்படி விதித்த சமுதாயத்தில், தொழிலைக் கற்பித்தல் என்பது தொழிலாற் பிணித்தலாகவும் முடியலாம் என்பதை அப்போராட்டம் தமிழ் மக்களுக்கு உணர்த்திற்று.

இலங்கையில் 1971 ஏப்ரற் கிளர்ச்சி படித்த வேலையற்ற இளைஞரின் நிலையை அனைவரது கவனத்துக்கும் கொணர்ந்தது. அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்குமிடையிலான இடைவெளியைச் சுட்டியது. 1972 கல்விச் சீர்திருத்தம் 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரை எல்லா மாணவருக்கும் தொழில்முன்னிலைப் பாடங்களை விதித்தது. 1975இல் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை முதன்முறையாக நடைபெற்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கப்பட்டமை இச்சீர்திருத்தத்தின் சிறப்பாகும். ஆயின் பயிற்றப்பட்ட ஆசிரியரும் கருவிகளும் போதாமலிருந்தன. உத்தியோகத்தை நம்பிய பெற்றோர் ஐயுற்றனர். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டிருந்த அக்காலத்தில், புள்ளியொன்றும் விலைமதிப்பற்றதாகத் தோன்றிய தமிழ்ப் பெற்றோருக்கு இவ்வையம் மிகுதியாயிற்று. 1977இல் ஆட்சி மாறியதும் அவ்வமைப்புக் கலைக்கப்பட்டது. பின்னர் 1980களில் வாழ்க்கைத் திறன்கள் என்றும், 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை என்றும் அவ்வெண்ணம் புதிய பெயர்களில் மீண்டும் தோன்றியது.

இவ்வனுபவங்களினின்றும் நாம் பெறும் முடிவு இதுதான்: கையுழைப்புச் சார்ந்த கல்வி சில பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக்கப்படும்போது அது அவர்களின் இடத்தை நிலைநிறுத்தும் கருவியாகின்றது. எல்லோருக்கும் உரியதாயிருந்தும், செயலைக் கற்பித்துச் செயலின் காரணத்தைக் கற்பிக்காதவிடத்து, அது மதிப்பிழந்து உதிர்ந்துபோகின்றது.

5. கொப்பி கட்டுதல்: ஒரு பாடத்தின் அமைப்பு

இவ்வரலாற்றை மனங்கொண்டு, பொருத்து வரிசை பற்றிய குழுச் செயற்பாட்டை வன்னிப் பாடசாலையொன்றில் எவ்வாறு அமைக்கலாம் என்பதை நோக்குவோம். செய்யப்படும் பொருள் பிள்ளைக்குப் பயன்படுவதாகவும் செலவற்றதாகவும் இருத்தல் நன்று. ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்களைக் கொண்டு சிறு கொப்பியொன்றைக் கட்டுவது அத்தகையது. தாளை மடித்தல், ஒன்றனுள் ஒன்றாக அடுக்குதல், துளையிடுதல், நூலால் தைத்தல், மட்டை ஒட்டுதல், ஓரம் வெட்டுதல், பெயர்ச்சீட்டு ஒட்டுதல் என அது ஏழு செயல்களைக் கொண்டது.

முதற் சுற்றில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கொப்பியை முழுமையாகச் செய்க. ஒவ்வொரு செயலுக்கும் செல்லும் நேரத்தைப் பிள்ளைகளே குறித்துக்கொள்க. விளக்கத்தின் பொருட்டு, தைத்தலுக்கு 3 நிமிடமும் ஏனைய ஆறு செயல்களுக்கும் ஒவ்வொரு நிமிடமும் செல்வதாகக் கொள்வோம். ஒரு கொப்பிக்கு 9 நிமிடம். 45 நிமிடப் பாடவேளையில் ஒருவர் 5 கொப்பிகளும் எழுவர் 35 கொப்பிகளும் செய்வர்.

இரண்டாம் சுற்றில் அவ்வெழுவரே வரிசையாக அமர்ந்து ஆளுக்கொரு செயலைச் செய்க. முதற் கொப்பி 9ஆம் நிமிடத்தில் வெளிவரும். அதன்பின் மூன்று நிமிடத்துக்கு ஒன்றே வெளிவரும்; ஏனெனில், தைப்பவரின் முன்னால் தாள்கள் குவிந்துகிடக்க, அவருக்கு அடுத்தோர் கைகட்டியிருப்பர். 45 நிமிடத்திற் கிடைப்பன 13 கொப்பிகள் மட்டுமே. வரிசை வெல்லும் என எதிர்பார்த்த வகுப்புக்கு இது வியப்பளிக்கும்.

ஆசிரியர் இவ்விடத்தில் விடையைக் கூறாதிருத்தல் வேண்டும். தைப்பதற்கு மூவர் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாமே காண்பர். இவ்வாறு ஒன்பதின்மர் அமர்ந்தால் நிமிடத்துக்கொரு கொப்பி வீதம் 37 கிடைக்கும். ஆயின் ஒன்பதின்மர் தனித்தனியே செய்திருப்பின் 45 கிடைத்திருக்கும்! எனவே வேலையைப் பகுப்பது ஒன்றினாலேயே பொருள் பெருகிவிடுவதில்லை என்பது கணக்கால் நிறுவப்படுகின்றது. அவ்வாறாயின் ஆலைகள் ஏன் வரிசையை நாடுகின்றன? இவ்வினாவே பாடத்தின் உயிர்நிலை.

விடைகளை வகுப்பறையே தரும். மீண்டும் மீண்டும் ஒரே செயலைச் செய்யும் கை விரைவுபெறுகின்றது. நேரம் பாதியாகக் குறைந்தால் தொகை ஏறத்தாழ இருமடங்காகும். அடுத்து, தனித்தனியே செய்வதற்கு ஒன்பது ஊசியும் ஒன்பது கத்தரிக்கோலும் வேண்டும். வரிசைக்கு மூன்று ஊசியும் ஒரு கத்தரிக்கோலும் போதும். கருவிப் பஞ்சம் நிலவும் பாடசாலையில் இது உடனே விளங்கும். இறுதியாக, ஒரு பிள்ளையை எழுப்பி, இதுவரை கொப்பியே கட்டியறியாத வேறொரு பிள்ளையை அவ்விடத்தில் அமர்த்துக. மடிப்பவரின் இடத்தை நிரப்புவதற்கு ஒரு நிமிடப் பயிற்சி போதும். முதற் சுற்றில் ஒரு பிள்ளையை இவ்வாறு மாற்றியிருக்க முடியாது. பாபேஜ் கூறிய உழைப்பின் மலிவும், போர்டின் ஆலை 370 சதவீத விலகலைத் தாங்கிய விதமும் இங்கு ஒரு நொடியிற் புலனாகும்.

மூன்றாம் சுற்றில் ஆசிரியர் கைதட்டி வேகத்தை விதிக்கட்டும். சிறிது சிறிதாக விரைவுபடுத்தட்டும். எவர் முதலிற் தடுமாறுகின்றார், பிழையான கொப்பி வந்தால் எவரை எவர் குற்றஞ்சாட்டுகின்றார், பேச்சும் சிரிப்பும் எப்போது நிற்கின்றன என்பவற்றை இரு பிள்ளைகள் பார்த்து எழுதட்டும். பின்னர் ஆசிரியர் விலகி, வரிசையை விரும்பியவாறு மாற்றியமைக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அளிக்கட்டும். இடம் மாறிச் செய்யலாம். பிழை கண்டவர் வரிசையை நிறுத்தலாம். இருவர் இணைந்து செய்யலாம். இவை கற்பனையல்ல. ஜப்பானின் டொயோட்டா ஆலைகளிற் பிழை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தும் முறை உண்டு. சுவீடனில் வொல்வோ நிறுவனம் 1974இல் கல்மாரிற் திறந்த ஆலையில், நகரும் வரிசைக்குப் பதிலாகக் குழுக்கள் வண்டியின் பெரும்பகுதிகளைப் பொறுப்பேற்றுப் பொருத்தின. ஒரே பொருளைப் பல ஒழுங்குகளிற் செய்யலாம் என்பதும், எவ்வொழுங்கு என்பதை எவரோ ஒருவர் தீர்மானிக்கின்றார் என்பதும் இதனால் விளங்கும்.

ஈற்றில் ஒரு வினா எஞ்சும்: கொப்பிகள் எவருக்கு? முதற் சுற்றில் இவ்வினா எழவில்லை, செய்தவருக்குச் செய்தது. வரிசையிற் செய்த கொப்பியை எவரும் 'என்னுடையது' எனல் இயலாது. பங்கிடும் முறையை வகுப்பே பேசி முடிவுசெய்யட்டும். சம பங்கா, தைத்தவருக்குக் கூடுதலா, தாளும் ஊசியும் கொடுத்த பாடசாலைக்கு எவ்வளவு என்ற விவாதம், பொருளியல் நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதைக் குழந்தைமொழியில் வெளிக்கொணரும்.

6. சில ஆட்சேபங்களும் முடிவும்

இத்தகைய பாடம் ஆலைகளுக்கு ஆட்களைத் தயார்செய்யும் என்ற ஆட்சேபம் எழலாம். 1953இன் அனுபவத்தை மறவாதோர் அவ்வாறு ஐயுறுதல் இயல்பே. ஆயின் இப்பாடம் எத்தொழிலையும் பழக்குவதன்று. மருத்துவராக விழையும் பிள்ளைக்கும் ஆலைக்குச் செல்லவிருக்கும் பிள்ளைக்கும் இது ஒன்றே. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ள முன்னணிப் பாடசாலைகளிலும் இது கற்பிக்கப்படுதல் வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. பின்தங்கிய பாடசாலைகளுக்கு மட்டும் உரித்தாக்கப்படுமாயின் ஹந்தெஸ்ஸவின் குறைபாடே மீளும்.

ஆலை வேலையைத் தாழ்த்துவதாக இப்பாடம் அமைந்துவிடும் என்பது மற்றோர் ஆட்சேபம். வன்னியில் அவ்வேலையாற் பல குடும்பங்கள் அடுப்பெரிக்கின்றன. போரிற் கணவனை இழந்த பெண்கள் பலருக்கு மாதந்தோறும் கிடைக்கும் சம்பளம் எளிதன்று. தந்தை வழி நிலத்தையோ தமையனின் தயவையோ நம்பியிராமற் தன் பெயரிற் கூலி பெறுதல் ஒரு பெண்ணுக்குத் தரும் நிமிர்வையும் நாம் மறுக்கவில்லை. உழைப்பை மதிப்பதற்கு முதற்படி அதனை விளங்கிக்கொள்வதாகும். தன் தமக்கை தைக்கும் ஒரு தையலுக்குப் பின்னால் எத்தனை கைகளும் கணக்குகளும் தீர்மானங்களும் உள்ளன என்பதை அறிந்த பிள்ளை அவளைக் குறைத்து மதிக்கமாட்டாது. இலக்கு எவ்வாறு வகுக்கப்படுகின்றது என்பதை அறிந்தவர் நாளை அதனைப் பற்றிக் கேள்வி எழுப்பவும், தொழிற்சங்கத்திற் கணக்குடன் பேசவும், ஒருவேளை தாமே கூட்டுறவு முறையில் ஒரு பட்டறையை அமைக்கவும் தகுதியுடையவராவர்.

பரீட்சையை நோக்கியே ஓடும் பாடசாலையில் இதற்கு நேரம் ஏது என்பது மூன்றாவது ஆட்சேபம். மூன்று பாடவேளைகள் போதும். வரலாறு, கணிதம், குடியியல், தமிழ் ஆகிய நான்கு பாடங்களின் வேலை அதில் அடங்கியிருக்கின்றது. தாமே கண்டதைத் தாமே கட்டிய கொப்பியில் எழுதுவது சிறந்த மொழிப்பயிற்சியுமாகும்.

வன்னியின் அண்மைய வரலாற்றில் மக்களைப் பற்றிய தீர்மானங்கள் பெரும்பாலும் மக்களுக்கு அப்பாலேயே எடுக்கப்பட்டன. எங்கே குடியிருப்பது, எப்போது பெயர்வது, எப்போது மீள்வது, எந்தத் தொழில் எங்கே வருவது என்பன அவ்வாறே முடிவாயின. உற்பத்தியின் ஒழுங்கு இயற்கை விதியன்று, மனிதர் வகுத்தது, ஆகவே மனிதரால் மாற்றத்தக்கது என்னும் அறிவை இந்நிலத்துப் பிள்ளைகளுக்கு வழங்குதல் வரலாற்று ஆசிரியரின் கடமையாகும். அடம் சிமித் அஞ்சிய மந்தநிலைக்கு அவரே வேண்டிய மருந்து கல்வி. அம்மருந்தை வரிசைக்கு வெளியே இருப்போருக்கும் உள்ளே அமர்வோருக்கும் ஒரே அளவிற் கொடுப்பதற்குப் பழைய தாளும் ஊசியும் நூலும் ஒரு மணிக்கூடும் போதுமானவை.